முன்கோள் வட்டுகளின் வேதியியல் இயைபு

முன்கோள் வட்டு என்பது புதிதாகப் பிறந்த ஒரு விண்மீனைச் சுற்றிச் சுழலும், வாயுவும் தூசியும் கலந்த தட்டையான வட்டு ஆகும். கோள்கள், சிறுகோள்கள், வால்வெள்ளிகள் ஆகியவை இத்தகைய வட்டுகளிலிருந்தே உருவாகின்றன. அவ்வட்டில் எந்தெந்தத் தனிமங்களும் சேர்மங்களும் எவ்வளவு உள்ளன, அவை எங்கே வாயுவாகவும் எங்கே பனியாகவும் எங்கே கனிமமாகவும் இருக்கின்றன என்பதே அதன் வேதியியல் இயைபு எனப்படுகிறது.

ஒரே முகிலிலிருந்து பிறந்த வட்டாக இருந்தாலும் அதன் எல்லாப் பகுதிகளும் ஒரே இயைபு கொண்டவை அல்ல. விண்மீனுக்கு அருகே வெப்பம் மிகுதி. அங்கே பாறைக் கனிமங்களும் உலோகங்களும் மட்டுமே திண்மமாக நிற்கும். தொலைவில் குளிர் மிகுதி. அங்கே நீர், கார்பன் டைஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு ஆகியவையும் பனியாக உறையும். புவி பாறைக்கோளாகவும் வியாழன் பெருங்கோளாகவும் அமைந்ததற்கு இவ்வேறுபாடு ஒரு முதன்மைக் காரணமாகக் கருதப்படுகிறது. எனினும் வட்டிலுள்ள பொருட்கள் தோன்றிய இடத்திலேயே நிலைத்திருப்பதில்லை. அவை உள்நோக்கியும் வெளிநோக்கியும் நகர்கின்றன. ஒரு கோள் நீருள்ளதாக அமைவதும் வறண்டதாக அமைவதும் இந்த நகர்வையும் பொறுத்தது என்பது அண்மைக்கால ஆய்வுகளால் தெளிவாகி வருகிறது.

பின்னணி

சூரியக் குடும்பம் ஒரு சுழலும் முகிலிலிருந்து உருவானது என்னும் கருத்தை இம்மானுவேல் கான்ட் 1755 இலும் பியர் சைமன் லாப்லாஸ் 1796 இலும் முன்வைத்தனர். பிற விண்மீன்களைச் சுற்றியும் தூசி வட்டுகள் இருப்பதற்கான சான்றுகள் 1980களில் கிடைக்கத் தொடங்கின. 1990களின் தொடக்கத்தில் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி, ஓரியன் நெபுலாவின் ஒளிப் பின்னணியில் இளம் விண்மீன்களைச் சூழ்ந்த வட்டுகளைப் படம்பிடித்தது.

சூரியனை ஒத்த நிறையுடைய இளம் விண்மீன்கள் டி டௌரி விண்மீன்கள் என அழைக்கப்படுகின்றன. அவற்றைவிட நிறை மிகுந்தவை ஹெர்பிக் விண்மீன்கள் எனப்படும். இரு வகைகளைச் சுற்றியும் முன்கோள் வட்டுகள் காணப்படுகின்றன. ஒரு வட்டின் ஆரம் பொதுவாகச் சில பத்து வானியல் அலகுகள் முதல் சில நூறு வானியல் அலகுகள் வரை இருக்கும். (ஒரு வானியல் அலகு என்பது புவிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தொலைவு, ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர்.) பெரும்பாலான வட்டுகளின் வாயு ஒரு கோடி ஆண்டுகளுக்குள் கலைந்து விடுகிறது. விண்மீன்களின் வாழ்நாளோடு ஒப்பிட்டால் இது மிகக் குறுகிய காலமே. வியாழன் போன்ற கோள் உருவாக வேண்டுமெனில் அதற்குள் உருவாகிவிட வேண்டும்.

பீட்டா பிக்டோரிஸ், வேகா போன்ற விண்மீன்களைச் சுற்றியுள்ள வட்டுகள் முன்கோள் வட்டுகள் அல்ல. அவை சிறுகோள்களும் வால்வெள்ளிகளும் ஒன்றோடொன்று மோதி உடைவதால் பிற்காலத்தில் தோன்றும் சிதைவு வட்டுகள். அவற்றில் வாயு மிகக் குறைவு. பழைய நூல்கள் சிலவற்றில் இவ்விரண்டும் ஒன்றாகவே கூறப்பட்டிருக்கும்.

மூலப்பொருட்கள்

முன்கோள் வட்டு ஒரு குளிர்ந்த மூலக்கூறு முகில் தன் ஈர்ப்பால் சுருங்கும்போது உருவாகிறது. ஆகவே அதன் தனிம இயைபு தொடக்கத்தில் நடுவிலுள்ள விண்மீனின் இயைபை ஒத்ததாகவே இருக்கும். சூரியனின் தொடக்க இயைபை எடுத்துக்கொண்டால் நிறையில் ஏறத்தாழ 71 விழுக்காடு ஹைட்ரஜன், 27 விழுக்காடு ஹீலியம், எஞ்சிய அனைத்துத் தனிமங்களும் சேர்ந்து 1.5 விழுக்காடு. இந்த 1.5 விழுக்காட்டில்தான் புவியும், அதிலுள்ள பாறையும் இரும்பும், கடலின் ஆக்சிஜனும், உயிர்களின் கார்பனும் அடங்கியுள்ளன.

அணுக்களின் எண்ணிக்கையில் பார்த்தால், பத்தாயிரம் ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஏறத்தாழ ஐந்து ஆக்சிஜன் அணுக்களும் மூன்று கார்பன் அணுக்களும் உள்ளன. நைட்ரஜன் ஒன்றுக்கும் குறைவு. கார்பனைவிட ஆக்சிஜன் மிகுதியாக இருப்பது வேதியியலில் முக்கியமான ஒன்று. கார்பன் அணு ஒவ்வொன்றும் ஓர் ஆக்சிஜன் அணுவைப் பிடித்துக்கொண்டு கார்பன் மோனாக்சைடாக மாறினாலும் ஆக்சிஜன் மிஞ்சும். மிஞ்சிய ஆக்சிஜன் நீராகவும் சிலிக்கேட் பாறைகளாகவும் மாறுகிறது. இந்த விகிதம் தலைகீழாக இருந்தால் வட்டின் வேதியியலே மாறிவிடும். அத்தகைய வட்டுகளும் உள்ளன. அவை கீழே கூறப்படுகின்றன.

வட்டின் நிறையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு தூசியாக இருப்பதாகக் கொள்வது வழக்கம். இது விண்மீனிடை வெளியில் அளக்கப்பட்ட மதிப்பு. எல்லா வட்டுகளுக்கும் எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் எனக் கூற முடியாது. தூசித் துகள்களில் ஆலிவின், பைராக்சீன் வகைச் சிலிக்கேட்டுகள், இரும்பும் அதன் சல்ஃபைடுகளும், கரிமப் பொருட்கள் ஆகியவை உள்ளன. குளிர்ந்த பகுதிகளில் இத்துகள்களின் மேல் பனி படிந்திருக்கும். அப்பனியில் பெரும்பகுதி நீர்; அதனுடன் கார்பன் டைஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, மெத்தனால், அமோனியா, மீத்தேன் ஆகியவை கலந்திருக்கும்.

வட்டின் அடுக்குகள்

வட்டைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால் மூன்று அடுக்குகளைக் காணலாம். மேற்பரப்பு விண்மீனின் புற ஊதாக் கதிர்களாலும் எக்ஸ் கதிர்களாலும் தாக்கப்படுகிறது. அங்கே மூலக்கூறுகள் உடைந்து அணுக்களாகவும் அயனிகளாகவும் காணப்படும். அதற்குக் கீழே இளஞ்சூடான மூலக்கூற்று அடுக்கு உள்ளது. கதிர்கள் ஓரளவு தடுக்கப்பட்டு, ஆனால் பனி உறையும் அளவுக்குக் குளிராத இவ்வடுக்கிலேயே வேதி வினைகள் செழிப்பாக நடக்கின்றன. தொலைநோக்கிகள் காண்பதும் பெரும்பாலும் இவ்வடுக்கையே ஆகும். நடுத்தளம் இருண்டது, அடர்ந்தது, குளிர்ந்தது. அங்கே ஹைட்ரஜனும் ஹீலியமும் தவிர ஏனைய பெரும்பாலானவை தூசியின் மேல் உறைந்து கிடக்கும்.

கோள்கள் உருவாவது நடுத்தளத்தில். அளக்க முடிவது மேலடுக்குகளை. இத்துறையின் பெரிய இடர்ப்பாடு இதுவே.

பனிக்கோடுகள்

விண்மீனிலிருந்து விலகிச் செல்லச் செல்ல வெப்பநிலை குறைகிறது. ஒரு குறிப்பிட்ட சேர்மம் வாயு நிலையிலிருந்து பனியாக உறையும் தொலைவு அச்சேர்மத்தின் பனிக்கோடு எனப்படும். நீர் ஏறத்தாழ 150 கெல்வினிலும் (−123 பாகை செல்சியஸ்), கார்பன் டைஆக்சைடு ஏறத்தாழ 50 கெல்வினிலும், கார்பன் மோனாக்சைடு ஏறத்தாழ 20 கெல்வினிலும் (−253 பாகை செல்சியஸ்) உறைகின்றன. புவியில் நீர் 273 கெல்வினில் உறைவது காற்றழுத்தத்தால் நீர்ம நிலை இயல்வதால் ஆகும். வட்டின் அழுத்தம் மிகக் குறைவாதலால் அங்கே நீர்மநிலைக்கு இடமில்லை. ஆவி நேரே பனியாகப் படிகிறது.

சூரியக் குடும்பத்தில் நீரின் பனிக்கோடு சூரியனிலிருந்து ஏறத்தாழ 2.7 வானியல் அலகில் இருந்ததாக ஜப்பானிய வானியற்பியலாளர் சூசிரோ ஹயாசி 1981 இல் கணித்தார். இது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே, சிறுகோள் பட்டையில் அமைகிறது. உண்மையில் பனிக்கோடு ஓரிடத்தில் நிற்பதன்று. விண்மீன் ஒளிமிகும்போது அது வெளியே செல்லும். வட்டு குளிரும்போது உள்ளே வரும்.

பனிக்கோட்டின் இருபுறமும் வாயுவின் இயைபும் திண்மத்தின் இயைபும் வேறுபடுகின்றன. 2011 இல் கரின் ஓபர்க், ரூத் முர்ரே-கிளே, எட்வின் பெர்கின் ஆகியோர் இதை ஓர் எளிய கணக்காக எடுத்துரைத்தனர். நீரின் பனிக்கோட்டுக்கு வெளியே நீரிலுள்ள ஆக்சிஜன் வாயுவிலிருந்து நீங்கிப் பனிக்குச் செல்கிறது. கார்பன் டைஆக்சைடு உறையும்போது மேலும் ஆக்சிஜன் நீங்குகிறது. அதற்கும் கார்பன் மோனாக்சைடின் பனிக்கோட்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் கார்பனும் ஆக்சிஜனும் கொண்ட வாயுவாக எஞ்சுவது பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடு மட்டுமே. அதில் ஒரு கார்பனுக்கு ஓர் ஆக்சிஜன். எனவே வாயுவின் கார்பன்-ஆக்சிஜன் விகிதம், சூரியனின் மதிப்பான ஏறத்தாழ 0.55 இலிருந்து 1 ஐ நெருங்குகிறது. அப்பகுதியில் வாயுவை ஈர்த்து வளர்ந்த பெருங்கோளின் வளிமண்டலத்திலும் இவ்விகிதம் பதிந்திருக்கலாம். வேற்று விண்மீன்களின் கோள்களில் இவ்விகிதத்தை அளந்து, அவை பிறந்த இடத்தை அறிய முடியும் என்னும் எதிர்பார்ப்பு இதிலிருந்தே எழுந்தது. ஆனால் கோள்கள் இடம்பெயர்வதாலும் பின்னர் பாறைகளையும் பனியையும் விழுங்குவதாலும் இந்த அடையாளம் கலைந்துபோகக் கூடும். ஒரே ஓர் எண்ணை வைத்துப் பிறப்பிடத்தைக் கூறுவது பொருந்தாது.

பனிக்கோட்டை நேரடியாகக் காண்பது கடினம். கார்பன் மோனாக்சைடின் பனிக்கோட்டைக் காண ஒரு மறைமுக வழி உள்ளது. இரண்டு நைட்ரஜன் அணுக்களும் ஒரு ஹைட்ரஜன் அணுவும் சேர்ந்த டயசெனைலியம் என்னும் அயனியைக் கார்பன் மோனாக்சைடு அழித்து விடும். எனவே கார்பன் மோனாக்சைடு உறைந்து விலகிய இடத்தில்தான் இவ்வயனி பெருகும். 2013 இல் சிலி நாட்டின் அட்டகாமா பாலைநிலத்திலுள்ள அல்மா வானொலித் தொலைநோக்கி அணி, டி.டபிள்யூ. ஹைட்ரே விண்மீனின் வட்டில் இவ்வயனி வளையமாக அமைந்திருப்பதைப் படம்பிடித்தது. வளையத்தின் உள்விளிம்பு விண்மீனிலிருந்து ஏறத்தாழ 30 வானியல் அலகில் இருந்தது. நம் குடும்பத்தில் நெப்டியூன் இருக்கும் தொலைவும் அதுவே.

நீரின் பனிக்கோட்டைக் காண்பதற்கு இயற்கையே ஒரு வாய்ப்பை அளித்தது. ஓரியனில் ஏறத்தாழ 1300 ஒளியாண்டு தொலைவிலுள்ள வி883 ஓரியானிஸ் விண்மீனின் மேல் வட்டிலிருந்து பெருமளவு பொருள் விழுந்ததால் அது திடீர் ஒளிமிகுதிக்கு உள்ளாகியுள்ளது. வழக்கமாகச் சில வானியல் அலகுகளில் இருக்க வேண்டிய பனிக்கோடு 40 வானியல் அலகுகளுக்குத் தள்ளப்பட்டிருப்பதை அல்மா 2016 இல் காட்டியது. பனி ஆவியானதால் அதனுள் புதைந்திருந்த கரிமச் சேர்மங்களும் வெளிப்பட்டன. மெத்தனால், அசிட்டோன், அசிட்டால்டிஹைடு, அசிட்டோநைட்ரைல், மெத்தில் ஃபார்மேட் ஆகியவை அங்கே கண்டறியப்பட்டதாக 2019 இல் அறிவிக்கப்பட்டது.

நிறையை அளப்பதிலுள்ள சிக்கல்

வட்டில் மிகுதியாக உள்ள மூலக்கூறு ஹைட்ரஜன். ஆனால் அதுவே கண்ணுக்கு அகப்படாதது. ஹைட்ரஜன் மூலக்கூறு சமச்சீரானது. அதற்கு மின் இருமுனைத் திருப்பம் இல்லை. அதன் மிகத் தாழ்ந்த கதிர்வீச்சு நிலையைத் தூண்டவே ஏறத்தாழ 500 கெல்வினுக்கு ஈடான ஆற்றல் வேண்டும். வட்டின் பெரும்பகுதி 100 கெல்வினுக்கும் குறைந்த வெப்பநிலையில் உள்ளதால் ஹைட்ரஜன் ஒளிர்வதில்லை.

ஆகவே வானியலாளர்கள் கார்பன் மோனாக்சைடை அளந்து, பத்தாயிரம் ஹைட்ரஜன் மூலக்கூறுகளுக்கு ஒரு கார்பன் மோனாக்சைடு என்ற கணக்கில் மொத்த நிறையை மதிப்பிட்டு வந்தனர். இக்கணக்கு தவறாகலாம் என்பதை டி.டபிள்யூ. ஹைட்ரே காட்டியது. அவ்வட்டில் ஹைட்ரஜன் டியூட்டிரைடு என்னும் மூலக்கூறு ஹெர்ஷல் விண்வெளித் தொலைநோக்கியால் அளக்கப்பட்டது. ஹைட்ரஜன் மூலக்கூறின் இரு அணுக்களில் ஒன்று கன ஹைட்ரஜனாக, அதாவது டியூட்டீரியமாக, அமைந்தால் சமச்சீர் கெட்டு அது 112 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் ஒளிரும். பெர்கின் குழுவினர் 2013 இல் வெளியிட்ட முடிவின்படி வட்டின் நிறை சூரியனின் நிறையில் நூற்றில் ஐந்து பங்குக்கும் மேல். அதாவது வியாழனைப் போல் ஐம்பது மடங்குக்கும் மேல். கார்பன் மோனாக்சைடு காட்டிய நிறை இதைவிட மிகக் குறைவு. கார்பன் மோனாக்சைடு உறைந்தும், வேறு சேர்மங்களாக மாறியும், கூழாங்கற்களுக்குள் அடைபட்டும் வாயுவிலிருந்து குறைந்திருக்க வேண்டும் என இப்போது விளக்கப்படுகிறது.

இம்முறை டி.எம். டௌரி, ஜி.எம். ஆரிகே ஆகிய மேலும் இரு வட்டுகளிலும் பயன்பட்டது. குளிர்விக்கும் திரவ ஹீலியம் தீர்ந்ததால் ஹெர்ஷல் 2013 ஏப்ரலில் தன் ஆய்வுகளை நிறுத்தியது. அதன் பின் அத்தகைய அளவீட்டைத் தொடர முடியவில்லை. மூன்று வட்டுகளை வைத்து எல்லா வட்டுகளையும் பற்றி முடிவு கூற வேண்டிய நிலை பெருங்குறையே.

மூலக்கூறுகளின் கண்டுபிடிப்பு

வட்டின் வெளிப்பகுதி குளிர்ந்தது. அதிலுள்ள மூலக்கூறுகள் மில்லிமீட்டர் வானொலி அலைகளில் ஒளிர்கின்றன. விண்மீனை அடுத்த உட்பகுதி சூடானது. அது அகச்சிவப்பில் ஒளிர்கிறது. எனவே ஒரு வட்டை முழுமையாக அறிய இருவகைத் தொலைநோக்கிகளும் வேண்டும்.

1997 இல் அன் துத்ரே, ஸ்டெஃபான் கியோத்தோ, மிஷல் கெலான் ஆகியோர் ஸ்பெயினிலுள்ள 30 மீட்டர் வானொலித் தொலைநோக்கியைக் கொண்டு டி.எம். டௌரி, ஜி.ஜி. டௌரி ஆகியவற்றின் வட்டுகளில் ஹைட்ரஜன் சயனைடு, ஃபார்மால்டிஹைடு, கார்பன் மோனோசல்ஃபைடு முதலிய மூலக்கூறுகளைக் கண்டனர். அதே ஆண்டில் டி.டபிள்யூ. ஹைட்ரேயைச் சுற்றியும் ஹைட்ரஜன் சயனைடு உள்ளிட்டவை காணப்பட்டன. கார்பன் மோனாக்சைடைத் தாண்டிய வட்டு வேதியியல் இங்கிருந்தே தொடங்குகிறது எனலாம்.

2003 இல் ஏவப்பட்ட ஸ்பிட்சர் தொலைநோக்கி வட்டுகளின் உட்பகுதியைத் திறந்து காட்டியது. 2008 இல் ஜான் கார், ஜோன் நஜிதா ஆகியோர் ஏ.ஏ. டௌரியின் வட்டில், புவி போன்ற கோள்கள் உருவாகும் பகுதியில், நீராவியும் ஹைட்ரஜன் சயனைடும் அசிட்டிலீனும் கார்பன் டைஆக்சைடும் நிறைந்திருப்பதை வெளியிட்டனர். 2011 இல் ஹெர்ஷல், டி.டபிள்யூ. ஹைட்ரேயின் குளிர்ந்த வெளிப்பகுதியில் நீராவியைக் கண்டது. அந்த ஆவி மிகச் சிறிதளவே ஆயினும், புற ஊதாக் கதிர்களால் பனியிலிருந்து பெயர்ந்து வரும் ஆவி அது; அதனடியில் பெரும் பனிச்சேமிப்பு இருப்பதற்கு அதுவே சான்று.

அல்மாவின் வரவுக்குப் பின் சிக்கலான மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக அகப்பட்டன. எம்.டபிள்யூ.சி. 480 வட்டில் மெத்தில் சயனைடு 2015 இலும், டி.டபிள்யூ. ஹைட்ரேயில் மெத்தனால் 2016 இலும், அதே வட்டில் ஃபார்மிக் அமிலம் 2018 இலும், ஐ.ஆர்.எஸ். 48 வட்டில் டைமெத்தில் ஈதர் 2022 இலும் அறிவிக்கப்பட்டன. மெத்தனால் வாயுநிலை வினைகளில் எளிதில் உருவாவதன்று. பனியின் மேல் கார்பன் மோனாக்சைடுடன் ஹைட்ரஜன் அணுக்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தே உருவாகிறது. எனவே அதைக் காண்பது பனியின் வேதியியலை மறைமுகமாகக் காண்பதாகும். 2021 இல் வெளியான மேப்ஸ் என்னும் ஆய்வுத் திட்டம் ஐந்து வட்டுகளை நுணுக்கமாகப் படம்பிடித்து, ஒரே வட்டில் ஒவ்வொரு மூலக்கூறும் வெவ்வேறு வளையங்களாகப் பரவியிருப்பதைக் காட்டியது.

2021 டிசம்பர் 25 அன்று ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் முடிவுகளில் எதிர்பாராதவை பல. சூரியனைவிட மிகச் சிறிய விண்மீன்களைச் சுற்றிய சில வட்டுகளில் நீரைவிட ஹைட்ரோகார்பன்களே மேலோங்கியிருந்தன. 2024 இல் சூரியனின் நிறையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே உள்ள ஒரு விண்மீனின் வட்டில் ஈத்தேன், பென்சீன் உள்ளிட்ட 13 கார்பன் மூலக்கூறுகள் கண்டறியப்பட்டன. அங்கே வாயுவில் ஆக்சிஜனைவிடக் கார்பன் மிகுதி. அத்தகைய வட்டில் உருவாகும் பாறைக்கோள்கள் புவியைப் போன்றிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதே சமயம் வேறொரு சிறு விண்மீனின் வட்டில் நீர் மிகுதியாகக் காணப்பட்டதால், விண்மீனின் நிறை மட்டுமே இதற்குக் காரணம் எனக் கூற இயலாது.

கூழாங்கற்களின் நகர்வு

தூசித் துகள்கள் ஒட்டிக்கொண்டு மில்லிமீட்டர், சென்டிமீட்டர் அளவுக் கூழாங்கற்களாக வளர்கின்றன. வட்டின் வாயு தன் அழுத்தத்தால் ஓரளவு தாங்கப்படுவதால் கூழாங்கற்களைவிடச் சற்று மெதுவாகச் சுற்றுகிறது. ஆகவே கூழாங்கற்கள் எந்நேரமும் எதிர்க்காற்றைச் சந்திக்கின்றன. சுழல்வேகம் இழந்து விண்மீனை நோக்கிச் சரிகின்றன. பனி படிந்த கூழாங்கல் பனிக்கோட்டைக் கடக்கும்போது அதன் பனி ஆவியாகி உட்பகுதிக்கு நீரைக் கொண்டு சேர்க்கிறது.

வட்டில் இடைவெளி இருந்தால் அதன் வெளிவிளிம்பில் வாயு அழுத்தம் உயர்ந்து கூழாங்கற்கள் அங்கேயே தேங்கும். 2014 இல் அல்மா எடுத்த எச்.எல். டௌரியின் படத்தில் இத்தகைய வளையங்களும் இடைவெளிகளும் தெளிவாகத் தெரிந்தன. 2023 இல் ஆந்திரேயா பன்சாத்தியும் குழுவினரும் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியால் நான்கு வட்டுகளை ஒப்பிட்டனர். இடைவெளிகள் கொண்ட அகன்ற வட்டுகளைவிடச் சுருங்கிய வட்டுகளின் உட்பகுதியில் குளிர்ந்த நீராவி மிகுதியாக இருந்தது. கூழாங்கற்கள் நீரைச் சுமந்து வருகின்றன என்னும் பழைய கணிப்புக்கு இது நேரடிச் சான்றாகக் கொள்ளப்பட்டது. ஆனால் இடைவெளி முழுத் தடையாக அமைவதில்லை. பி.டி.எஸ். 70 வட்டில் இரு பெருங்கோள்கள் அகன்ற இடைவெளியை உண்டாக்கியுள்ளன. எனினும் அதன் உட்பகுதியில் நீராவி இருப்பது 2023 இல் கண்டறியப்பட்டது.

இது புவிக்கும் பொருந்தும் செய்தி. பனிக்கோட்டுக்கு வெளியே திண்மப் பொருளின் நிறையில் ஏறத்தாழ பாதி நீர்ப்பனியாக இருக்கக் கூடும். புவியின் கடல்களோ அதன் மொத்த நிறையில் 0.02 விழுக்காடே. வட்டு குளிர்ந்து பனிக்கோடு புவியின் பாதை வரை வந்திருந்தால் பனிக் கூழாங்கற்கள் ஏன் புவியை மூழ்கடிக்கவில்லை என்ற கேள்வி எழுகிறது. வியாழனின் கரு விரைவாக வளர்ந்து கூழாங்கற்களை மறித்தது என்பது ஒரு விடை. விண்கற்களின் ஓரிடத்தான் விகிதங்கள் இருவேறு தொகுதிகளாகப் பிரிந்து நிற்பதைக் கொண்டு, உட்புறப் பொருளும் வெளிப்புறப் பொருளும் நெடுங்காலம் கலக்காமல் இருந்தன என்றும், வியாழனின் கரு சூரியக் குடும்பம் தோன்றி பத்து இலட்சம் ஆண்டுகளுக்குள் உருவாகியிருக்க வேண்டும் என்றும் தாமஸ் குரூயெர் குழுவினர் 2017 இல் வாதிட்டனர். தடை வியாழனே ஆக வேண்டியதில்லை, வட்டின் இயல்பான அழுத்த மேடும் போதும் என்போரும் உளர்.

நீரின் தோற்றம்

நீரின் வரலாற்றை அறிய டியூட்டீரியம் உதவுகிறது. சூரியன் உருவான வாயுவில் ஒரு இலட்சம் ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஏறத்தாழ இரண்டே டியூட்டீரியம் அணுக்கள் இருந்தன. புவியின் கடல்நீரில் ஏறத்தாழ 16 உள்ளன. இவ்வளவு செறிவு மிகக் குளிர்ந்த சூழலில்தான் ஏற்படும். ஆகவே கடல்நீரின் ஒரு பகுதியேனும் வட்டு உருவாவதற்கு முன்பே, விண்மீனிடை முகிலில், பனியாக உருவாகியிருக்க வேண்டும் என இல்செடோர் கிளீவ்ஸ் குழுவினர் 2014 இல் கணக்கிட்டுக் காட்டினர். அப்பகுதி சூரியனைவிட மூத்தது.

வி883 ஓரியானிஸ் வட்டில் ஆவியான நீரை 2023 இல் ஜான் டோபின் குழுவினர் அளந்தபோது, அதில் ஆயிரம் நீர் மூலக்கூறுகளுக்கு இரண்டுக்கும் சற்று மேல் டியூட்டீரியம் கொண்டவை எனத் தெரிந்தது. இது மிக இளம் விண்மீன்களைச் சூழ்ந்த முகிலுறைகளில் காணப்படும் மதிப்பை ஒத்தது. முகிலின் நீர் அழியாமல் வட்டுக்கு வந்து சேர்கிறது என்பதற்கு இதுவரை கிடைத்த தெளிவான சான்று இதுவே.

புவிக்கு அந்நீர் எவ்வழியாக வந்தது என்பது வேறு கேள்வி. ஹார்ட்லி 2 வால்வெள்ளியின் நீர் கடல்நீரை ஒத்திருந்ததாக 2011 இல் அறியப்பட்டது. ஆனால் 2014 இல் ரொசெட்டா விண்கலம் சுர்யுமோவ்–கெராசிமென்கோ வால்வெள்ளியில் அளந்த டியூட்டீரிய விகிதம் கடல்நீரைப் போல் மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. அவ்வளவீடு தூசியால் மிகைப்பட்டிருக்கலாம் என 2024 இல் வெளியான மறுஆய்வு கூறுகிறது. கார்பன் மிகுந்த சிறுகோள்களிலிருந்து வந்த விண்கற்களின் நீர் கடல்நீரோடு நன்கு ஒத்துப்போவதால், சிறுகோள்களே முதன்மை மூலம் என்னும் கருத்து பரவலாக ஏற்கப்படுகிறது.

கனிமங்களும் கார்பனும்

சூடான வாயு குளிரும்போது கனிமங்கள் ஒரு வரிசையில் திண்மமாகின்றன. முதலில் அலுமினியம், கால்சியம் ஆகியவற்றின் ஆக்சைடுகள், பின்னர் இரும்பு-நிக்கல் உலோகமும் மெக்னீசியம் சிலிக்கேட்டுகளும், வெப்பநிலை ஏறத்தாழ 700 கெல்வினுக்குக் குறையும்போது இரும்பு சல்ஃபைடு, இறுதியில் நீர்ப்பனி. 1969 பிப்ரவரி 8 அன்று மெக்சிகோவில் விழுந்த அயெண்டே விண்கல்லில் கால்சியமும் அலுமினியமும் மிகுந்த வெண்ணிறத் துணுக்குகள் உள்ளன. இவ்வகைத் துணுக்குகளின் வயது ஏறத்தாழ 456.7 கோடி ஆண்டுகள். சூரியக் குடும்பத்தின் வயதாக இன்று கூறப்படுவது இதுவே.

இத்தகைய உயர்வெப்பக் கனிமங்கள் குளிர்ந்த இடத்திலும் காணப்படுவது வியப்புக்குரியது. 2006 ஜனவரியில் ஸ்டார்டஸ்ட் விண்கலம் புவிக்குக் கொணர்ந்த வைல்ட் 2 வால்வெள்ளியின் தூசியில், சூரியனுக்கு மிக அருகில் மட்டுமே உருவாகக் கூடிய துகள்கள் இருந்தன. அவை ஒருகாலத்தில் வட்டின் ஊடாக வெளியே எடுத்துச் செல்லப்பட்டிருக்க வேண்டும். ஹெச்.டி. 100546 என்னும் விண்மீனின் வட்டிலும் ஃபார்ஸ்டெரைட் படிகங்கள் 1998 இலேயே காணப்பட்டன. அவற்றின் நிறமாலை ஹேல்-பாப் வால்வெள்ளியின் நிறமாலையைப் பெரிதும் ஒத்திருந்தது.

நீரைப் போலவே கார்பனும் புவியில் அருகியே உள்ளது. விண்மீனிடைத் தூசியில் சிலிக்கானோடு ஒப்பிடக் கார்பன் எவ்வளவு உள்ளதோ, அதைவிடப் புவியில் நூறு மடங்குக்கும் மேல் குறைவு. கார்பன் தூசி எரிந்தோ ஆவியாகியோ வாயுவாகும் எல்லை கரிக்கோடு எனப்படுகிறது. பாறைக்கோள்களின் மூலப்பொருள் அவ்வெல்லைக்கு உள்ளே சூடாக்கப்பட்டதால் கார்பனை இழந்திருக்கலாம். சிறு விண்மீன்களின் வட்டுகளில் காணப்படும் பென்சீனும் அசிட்டிலீனும் இவ்வாறு அழிந்த கார்பன் தூசியிலிருந்து வந்தவையாக இருக்கலாம் என்றும் கருதப்படுகிறது.

2025 ஜூலையில் மெலிசா மெக்ளூர் குழுவினர், ஏறத்தாழ 1300 ஒளியாண்டு தொலைவிலுள்ள ஹாப்ஸ்-315 என்னும் குழந்தை விண்மீனைச் சுற்றிச் சூடான சிலிக்கான் மோனாக்சைடு வாயுவும் படிகச் சிலிக்கேட்டுகளும் ஒருங்கே இருப்பதை ஜேம்ஸ் வெப், அல்மா ஆகியவற்றின் துணையுடன் கண்டறிந்ததாக அறிவித்தனர். வாயுவிலிருந்து முதல் கனிமங்கள் திண்மமாகும் கட்டம், விண்கற்களில் மட்டுமே அறியப்பட்டிருந்தது, வேறொரு விண்மீனைச் சுற்றி நிகழும்போதே காணப்பட்டது இதுவே முதல் முறை. அச்சைகைகள் வரும் பகுதி அவ்விண்மீனிலிருந்து ஏறத்தாழ நமது சிறுகோள் பட்டையின் தொலைவில் உள்ளது.